ரசீது

அதன் பெயர் ரசீது.
மஞ்சக்குப்பம் மின்வாரிய அலுவலகத்தில்
பணம் கட்டும் வரிசையின் கடைசியில்
ஒரு மழைநாள் வந்து நின்றது.
உள்ளங்கை அளவு. ஒரு காது மட்டும் நிமிர்ந்து.
அன்றைக்கு யாரும் விரட்டவில்லை,
எல்லோர் கையிலும் குடை, எல்லோர் கண்ணும் கடிகாரத்தில்.
அதன் முறை வந்தபோது
கவுன்டரை மூடிவிட்டு எழுந்து வெளியே போனேன்.

இப்போது நாலு வயசு. செம்மண் நிறம்.
காலை ஐந்தே முக்காலுக்கு
தேவனாம்பட்டினம் கடற்கரையில் எங்கள் நடை.
தெற்குக் காற்றென்றால் சிப்காட் வாடை கொஞ்சம் வரும்.
மூக்கைத் தூக்கி
அதையும் ஒரு செய்தியாக வாசிக்கும்.

எதிரே வருகிறவர்களில்
"ச்சூ" என்று எனக்கும் சேர்த்துச் சொல்கிறவர் உண்டு.
பிள்ளையை இடுப்புக்குத் தூக்கி
"கடிச்சிடும்" என்று கற்றுக்கொடுக்கிறவள் உண்டு.
நிஜமாகவே பயப்படுகிறவர்களை முகம் சொல்லிவிடும்,
கயிற்றைச் சுருக்கி ஒதுங்கி நிற்பேன்.
போகிற போக்கில் பைக்கிலிருந்து காலை நீட்டியவனை மட்டும்
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
கல்லோடு துரத்தினேன்.
அதற்கு வருத்தமில்லை.

ஆனால் இந்த ஆள்.
வெள்ளை ஷூ, முண்டா பனியன்.
பின்பக்கமாக நடந்தால் முட்டிக்கு நல்லதென்று
யாரோ சொன்னார்களாம்,
முதுகை முன்னால் விட்டு நடந்து வந்து
எங்கள்மேல் மோதிவிட்டு
"நாயைக் கூட்டிட்டு வர்ற எடமா இது?" என்பார்.
ஒருநாள்,
"இதுக்குப் பண்ற செலவுல ஒரு புள்ளைய வளக்கலாம்."
எனக்குப் பிள்ளை இல்லையென்று அவருக்குத் தெரியாது.
குறி பார்க்காத கல்தான் நேராக வந்து படுகிறது.

பதிலெல்லாம் எனக்கு
கலெக்டர் ஆபீஸ் திருப்பத்தில்தான் வரும்,
ஒன்றைவிட ஒன்று கூராக. ஆளில்லாமல்.

இருபத்தொரு வருஷமாகக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்தவள்.
எத்தனை வசவு!
எல்லாம் கம்பியில் கொஞ்சம் வடிந்துதான் வந்து சேரும்.
கடற்கரையில் கம்பி இல்லை. ஒரு கயிறு மட்டும்.
அதன் அந்த முனையோ
திட்டுகிறவரைப் பார்த்தே வாலாட்டுகிறது.

போன மாதம்
கவுன்டர் மூட இரண்டு நிமிஷம் இருக்க
ஓர் அட்டை கம்பிக்குக் கீழே நுழைந்தது.
கொளஞ்சிநாதன் என்று போட்டிருந்தது.
"காலையிலயே ஃபியூஸைப் புடுங்கிட்டாங்கம்மா."
நிமிர்ந்தால் அவர்.
சட்டை போட்டிருந்தார். முன்பக்கமாக நின்றார்.
என்னை அடையாளம் தெரியவில்லை.
நாயைத் திட்டும் அவசரத்தில்
அதன் பக்கத்தில் ஒரு முகம் இருந்ததைப்
பார்த்திருக்கமாட்டார்.

'சிஸ்டம் டவுன்.'
இரண்டே வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தன.
பக்கத்து சீட் மெஹருன்னிசா
கைப்பையை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைக் காட்டினாள்.
பணத்தை வாங்கினேன், அபராதத்தோடு.
பெருந்தன்மை எல்லாம் இல்லை,
மணி ஆகவில்லை, அவ்வளவுதான்.

"ரசீது" என்று நீட்டியபோது
வந்த சிரிப்பை இருமலாக்க வேண்டியிருந்தது.
"தேங்க்ஸ்மா" என்றார். "தண்ணி குடிங்க."

மறுநாள் காலை அதே முதுகு.
வந்து மோதியது.
"கயித்தைப் புடி! அறிவில்ல?"

"ரசீது" என்றேன், "இந்தப் பக்கம் வா."

நின்றார்.
கை தானாக மேலே போய்
பனியனில் இல்லாத பையைத் தடவியது.
பிறகு என்னைப் பார்த்தார்,
நாயை, மறுபடி என்னை.
வாய் திறந்தது. என்ன சொல்ல இருந்தாரோ,

ரசீதுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.
படகு நிழலில் ஒரு நண்டுவளையைக் கண்டுவிட்டது.
முன்னங்கால் இரண்டாலும் தோண்டித் தோண்டிப்
பின்னால் வீசிய ஈர மணல் அத்தனையும்
அந்த வெள்ளை ஷூவில்.